மணி கேட்ட பக்கம்

வாங்க தம்பி, இங்கிட்டு வாங்க. இடம் இருக்கும்போது எதுக்கு நின்னுக்கிட்டு வர்றீங்க? அந்தத் துண்டு என்னோடதுதான். எடுத்து மடியில வச்சுக்கிறேன், நீங்க உக்காருங்க. மில்லு விலக்கு வரைக்கும் தாராளமா உக்காரலாம். அங்க என் தங்கச்சி ஏறும். அதுக்குத்தான் பஸ்ஸ்டாண்டுலயே துண்டு போட்டு இடம் பிடிச்சு வச்சிருக்கேன். அது ஏறினதும் எந்திரிச்சுக் குடுத்துட்டீங்கன்னா போதும்.

பாத்தீங்களா கூட்டத்தை. ஒருத்தன் முதுகுல ஒருத்தன் சாஞ்சுக்கிட்டு நிக்கிறான். என் பக்கத்து சீட்டு மட்டும் காலியாக் கெடக்கு. நீங்க வந்து கையை வச்சதுமே தெரிஞ்சுபோச்சு, வெளியூரு ஆளுன்னு. எங்க ஊரு ஈச்சந்தொழுக்காரன் எவனும் இதுல உக்கார மாட்டான். அந்தா, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரே நரைச்ச மீசை, அவர் எனக்கு ஒரு வகையில சித்தப்பா வேணும். முழங்கால் வீங்கிக் கெடக்கு அவருக்கு. வீங்கின காலோட ஊரு வரைக்கும் நிப்பாரே ஒழிய, இந்த மொக்கராசு பக்கத்துல உக்கார மாட்டாரு. நிக்கட்டும். நமக்கென்ன, காலு அவரு காலு.

சத்தமாப் பேசுறேனா? மெதுவாப் பேச வராது தம்பி எனக்கு. காட்டுல இந்த மேட்டுல நின்னு அந்த மேட்டுக்குப் பேசிப் பழகின தொண்டை. நீ ரகசியம் சொன்னா பக்கத்துத் தெருக்காரன் பதில் சொல்லுவான்னு என் வீட்டுக்காரி சொல்லிச் சிரிப்பா. இந்த ஓட்டை பஸ்ஸு போடுற சத்தத்துல எவனுக்குக் கேக்கப் போகுது. டிரைவர் வேற பாட்டைப் போட்டு அலற விட்டிருக்கான். கேட்டாலும் கேக்கட்டும். நான் என்ன திருடினவனா, பயந்து பயந்து பேச.

செல்போன் டவர் வேலைக்கு வர்றீங்களா? நல்லது. என்னது, மலைமாடா? அதைப் பாக்கணும்னு ஆசைப்பட்டுக் கேமரா வேற கொண்டாந்திருக்கீங்களா? அட போங்க தம்பி. இப்பப் போயி. போன ஐப்பசி வரைக்கும் வந்திருந்தீங்கன்னா, ஊருக்குள்ள நீங்க காலு வைக்க இடம் இருந்திருக்காது, அம்புட்டு மாடு. இப்பத் தொழுவுக்குத் தொழு முளைக்குச்சிதான் நிக்குது. எல்லாம் வித்தாச்சு. நானும் வித்துட்டேன். டவுன்ல மாட்டுத் தீவனக் கடையில மூட்டை தூக்குறேன். மாட்டை மேய்ச்ச கை, இப்ப ஊரான் மாட்டுக்குப் புண்ணாக்கு மூட்டை சுமக்குது. சிரிக்கிறீங்க. சிரிங்க, நானே சில நேரம் சிரிச்சுக்குவேன்.

எப்படிப் போச்சுன்னா கேக்குறீங்க? யாரைக் கேட்டாலும் என் பேரைத்தான் சொல்லுவாங்க. அதனால என்கிட்டயே கேட்டுருங்க. மில்லு விலக்குக்கு இன்னும் நேரம் கெடக்கு.

எங்க ஊர்ல ஒரு வழக்கம் தம்பி. ஐப்பசி மழை விழுந்து காட்டுல பச்சை காட்டினதும், ஊரு மாடு மொத்தமும் மேல ஏறிரும். மேல மலைக்குள்ள எங்க பாட்டன் காலத்துலேருந்து ஒரு தொழு இருக்கு. தொழுன்னா மாடு அடைக்கிற பட்டிதான், சுத்தி முள்ளு வேலி, நடுவுல ஆளு படுக்க ஒரு பரண். தைப்பொங்கல் வரைக்கும் மாடு அங்கதான். உன் மாடு என் மாடுங்கிற பேச்சே கெடையாது. வீட்டுக்கு ஒரு ஆளு முறை வச்சுப் போயி ரெண்டு ரெண்டு பேராக் காவலிருக்கணும். முறைக்காரன் தன் மாட்டைப் பாக்குற மாதிரியே அடுத்தவன் மாட்டையும் பாக்கணும். ஒன்னு விழுந்தாலும் அவன்தான் பதில் சொல்லணும். இதுல எழுத்தும் கெடையாது, கையெழுத்தும் கெடையாது. வாய்ச்சொல்லுதான்.

தொழுவுக்கு மேக்க, மேட்டுல ஒரு புல்லுக்காடு. சாமிப்புல்லுன்னு பேரு. இடுப்பு உயரம் நிக்கும். அந்தப் புல்லைத் தின்ன மாட்டுக்கு ஒரு வாரத்துல தோலு மினுங்கும் தம்பி, எண்ணெய் தேச்ச மாதிரி. ஆனா கார்த்திகை தீபத்துக்கு முந்தி ஒரு மாடும் அதுல வாயி வைக்கக் கூடாது. விதை உதிரணுமாம். உதிர்ந்தாத்தான் அடுத்த வருசம் முளைக்குமாம். தீபத்தன்னைக்கு ஊரே மேல வந்து, கல்லுச்சாமிக்குப் பால்பொங்கல் வச்சு, மாட்டை மொத்தமா ஒரே நேரத்துல உள்ள விடுவாங்க. பணக்காரன் மாடு, ஏழை மாடு எல்லாம் ஒன்னா. நல்ல வழக்கம்தான். நான் குறை சொல்லல. வழக்கத்தை மதிக்கிற ஆளுதான் நான்.

அப்புறம் மணி. அதைச் சொல்லலைன்னா உங்களுக்குப் புரியாது. ஒவ்வொரு மாட்டுக்கும் கழுத்துல மரமணி கட்டியிருப்போம். கட்டையைக் குடைஞ்சு, உள்ள ரெண்டு நாக்கு தொங்க விட்டிருக்கும். வெங்கல மணி மாதிரி கணகணன்னு கேக்காது. டொக்கு டொக்குன்னு, யாரோ தூரத்துல விறகு வெட்டுற மாதிரி கேக்கும். ஒரு மணிச் சத்தம் மாதிரி இன்னொரு மணி இருக்காது. காட்டுக்குள்ள மாடு கண்ணுக்குத் தெரியாதுல்ல, மரம் மறைச்சுரும். காதாலதான் மேய்க்கணும். மாடு மேயுற வரைக்கும் மணி ஆடிக்கிட்டே இருக்கும். யானை வந்துச்சுன்னு வைங்க, மாடு அசையாம நின்னுரும். மணி நின்னுரும். மணி நின்ன பக்கம் நாங்க போக மாட்டோம். மணி கேக்குற பக்கம் கண்ணை மூடிக்கிட்டுப் போவோம், அங்க மாடு நிம்மதியா மேயுது, யானை இல்லைன்னு அர்த்தம். எங்க ஊருல நடக்கத் தெரிஞ்ச பிள்ளைக்கு முதல்ல இதைத்தான் சொல்லிக் குடுப்பாங்க.

போன வருசம் என் முறையும் என் மாப்பிள்ளை முறையும் ஒன்னா வந்துச்சு. வீரணன்னு பேரு. என் தங்கச்சி மாயம்மா வீட்டுக்காரர். எங்க ஆத்தா செத்தப்ப மாயம்மா கைப்பிள்ளை. நான்தான் தோள்ல போட்டு வளர்த்தேன். சோறு ஊட்டினது, தலை பின்னி விட்டது எல்லாம் நான்தான். நான் பாத்துத்தான் வீரணனுக்குக் குடுத்தேன். நல்ல மனுசன். குடி கெடையாது, சீட்டு கெடையாது. என்ன, கொஞ்சம் நேர்மை சாஸ்தி. நேர்மைன்னா அடுத்தவனுக்குத் தொல்லை குடுக்குற நேர்மை. காதுன்னா அப்படி ஒரு காது அவருக்கு. பரண்ல போர்வையை மூடிப் படுத்திருக்கும்போதே, மச்சான், ஒச்சம்மா வீட்டு மயிலைப் பசு எந்திரிச்சு நிக்குதுன்னு சொல்லுவாரு. போய்ப் பாத்தா நிக்கும்.

அந்த வருசம் மழை ஏமாத்திருச்சு. ஐப்பசி முழுக்க மேகம் வந்து வந்து போச்சு, சொட்டு விழலை. கார்த்திகை பிறந்தப்புறம்தான் லேசாத் தூவுச்சு. மாடெல்லாம் விலா எலும்பு தெரிய நிக்குது. என்கிட்ட செம்பின்னு ஒரு பசு. செவலை. நிறைசினையா இருந்துச்சு. வயித்தைத் தூக்கிக்கிட்டு நடக்க மாட்டாம நடந்து வரும் தம்பி. மேட்டுல பாத்தா பனி ஈரத்துலயே சாமிப்புல்லு பச்சைப்பசேல்னு காத்துல சாயுது, கீழ என் மாடு காஞ்ச சருகை மோந்து பாத்துக்கிட்டு நிக்குது. உங்க மாடா இருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க? மனசு கேக்குமா?

மாப்பிள்ளைகிட்டப் பதமாத்தான் கேட்டேன். "மாப்ள, செம்பியை மட்டும் ரெண்டு வாயி மேய விட்டு இழுத்துக்கிருவோம். சினை மாடு. யாரு பாக்கப் போறா?"

"மச்சான், என் மாடும்தான் எலும்பா நிக்குது" அப்படிங்கிறாரு. "நம்ம ரெண்டு பேரை நம்பித்தான ஊரே மாட்டை விட்டுட்டுக் கீழ கெடக்கு. தீபம் வரட்டும்."

நான் பெரியவன் கேக்குறேன். தங்கச்சியைக் குடுத்தவன் கேக்குறேன். அவரு பசுவையா கேட்டேன், இல்லைங்கிறதுக்கு? ஒரு வாயி புல்லுக்கு நான் கெஞ்சணுமா அவர்கிட்ட? எனக்குச் சுருக்குன்னு தைச்சிருச்சு. ஆனா நான் சண்டை போடலை. சண்டை போடுற ஆளு இல்ல நான். சரிங்க மாப்ளன்னுட்டேன்.

மறுநாள் விடியுறப்ப நல்ல பனி. அவரு ஓடைக்குப் போயிருந்தாரு. நான் கைப்பிடி இலையைக் கசக்கி, செம்பி மணிக்குள்ள திணிச்சேன். நாக்கு ஆடாது, சத்தம் வராது. இது ஒன்னும் நான் கண்டுபிடிச்ச வித்தை இல்ல. எங்க அய்யாவே செஞ்சிருக்காரு. ஊர்ல செய்யாதவன் எவன்? இந்த நரைச்ச மீசையைக் கேளுங்களேன், அவரு அந்தக் காலத்துல மணிக்குள்ள களிமண்ணே அடைச்சிருக்காரு. மாட்டிக்காதவன் எல்லாம் யோக்கியன். மாட்டைப் பின்பக்கமா ஓட்டிக்கிட்டுப் போயி சாமிப்புல்லுல விட்டுட்டு, ஒன்னும் தெரியாத மாதிரி வந்து அடுப்பைப் பத்த வச்சேன்.

அவரு வந்தாரு. மத்த மாட்டை எல்லாம் தெறந்து விட்டாரு. நின்னு காதைக் குடுத்தாரு. அவ்வளவுதான்.

"மச்சான், செம்பி மணி கேக்கலையே."

"மேயும் மாப்ள. டீயைக் குடிங்க."

"இல்ல மச்சான். நிறைசினை. பள்ளத்துல விழுந்து கெடந்தா எந்திரிக்க மாட்டா."

டீயைக் கையில வாங்கவே இல்ல. என் மாட்டுக்கு நான் கலங்குனதை விட அவரு கலங்குறாரு, அதுதான் எனக்கு எரிச்சல். கம்பை எடுத்தாரு, தேடக் கெளம்பினாரு. கெழக்க மூங்கில் பள்ளம் இருக்கு, அங்கிட்டுப் போனாரு. அங்க குட்டியோட ஒரு யானை நின்னுருக்கு. அம்புட்டுதான் தம்பி. அதுதான் நடந்துச்சு. விதி. அவனவன் தலையில எழுதினதை நம்ம என்ன பண்ண முடியும்.

பிளிறுன சத்தம் தொழுவுக்கே கேட்டுச்சு. நான் ஓடினேன். எங்கன்னா கேக்குறீங்க? மேட்டுக்குத்தான். செம்பியைப் பிடிக்கணும்ல முதல்ல. யானை மெரண்டு நிக்கிற நேரத்துல சினை மாடு ஒத்தையில நிக்குது. மணிக்குள்ள வேற இலை கெடக்கு. அதை எடுத்துட்டு ஓட்டிக்கிட்டு வந்துறலாம்னு போனேன். அந்தக் கழுதை கைக்குச் சிக்கலை. புல்லு ருசி கண்டுருச்சு, போக்குக் காட்டுது. பெறகு நான் கீழ எறங்கி, ஊருக்குச் சொல்லி, ஆளு வந்து, பள்ளத்துக்குப் போய்ப் பாக்கும்போது உயிரு இல்ல. முந்திப் போயிருந்தா மட்டும் இருந்திருக்குமா? இருந்திருக்காது. எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க. இல்ல, எல்லாரும் சொல்லலை. நான் சொன்னேன், யாரும் மறுத்துப் பேசலை.

மூங்கில் கழியில போர்வையைக் கட்டி அவரைத் தூக்கிக்கிட்டுத் தொழுவுக்கு வர்றோம். அந்த நேரம் பாத்து எதிர்த்தாப்ல செம்பி வருது. மேட்டுல இருந்து எறங்கி, வாயோரம் பச்சைப் புல்லு ஒட்டிக்கெடக்க, ஆடி அசைஞ்சு வருது. மணி ஆடுது, சத்தம் இல்ல. எல்லாரும் நின்னுட்டாங்க. இந்த நரைச்ச மீசைதான் போயி மணியைத் திருப்பி, வாடின இலையை விரலால நோண்டி வெளிய எடுத்தாரு. எடுத்து என் கையில குடுத்தாரு. ஒரு சாவு நடந்த இடத்துல இலையைப் பத்தியா பாக்குறது? எனக்கு அது ரொம்ப வருத்தம் தம்பி, இன்னைக்கு வரைக்கும்.

பெறகு ஊர் கூடுச்சு. எனக்கு முறை கெடையாதுன்னுட்டாங்க. முறை இல்லைன்னா என் மாடு ஊரு மாட்டோட ஏறக் கூடாது. சரி, அது என்னோட போச்சுன்னு பாத்தா, ஆள் சேதமாயிருச்சுன்னு பாரஸ்ட்காரங்க வந்து பாதையையே அடைச்சுட்டாங்க. தொழுவுல எவனும் தங்கக் கூடாது. அந்த வருசம் தீபத்துக்குப் பொங்கல் வைக்க மேல ஒருத்தரும் போகலை. புல்லு நின்ன மேனிக்கே காஞ்சுபோச்சாம். மேய்க்கக் காடு இல்ல, தீவனம் வாங்கிப் போட்டுக் கட்டுமா? ஒவ்வொருத்தனா வித்தான். லாரியில ஏத்தும்போது எல்லாரும் என் வீட்டைத் திரும்பிப் பாத்துட்டுத்தான் ஏத்தினாங்க. நான் என்ன பண்ணினேன்? ஒரு சினை மாட்டுக்கு ரெண்டு வாயி புல்லு. அதுக்கு இம்புட்டுத் தண்டனையா? நீங்க படிச்சவரு, நீங்களே சொல்லுங்க.

ஊரு கெடக்குது தம்பி. ஊரு பேசலைன்னா எனக்குச் சோறு எறங்காமப் போயிராது. எனக்கு மாயம்மாதான். அவ விசயம்தான் எனக்கு மனசு ஆறலை.

மாப்பிள்ளை போனப்புறம் மில்லுல சேந்துட்டா. தினமும் சாயங்காலம் இதே பஸ்ஸுலதான் வருவா. நான் அதுக்காகவே கடையில சொல்லிட்டு இந்த பஸ்ஸைப் பிடிக்கிறேன். நாள் பூராம் நின்னுக்கிட்டே வேலை அவளுக்கு. காலு ரெண்டும் வீங்கிப்போயி வருவா. மில்லு விலக்குல ஏறுவா. துண்டு போட்ட இடத்தைப் பாப்பா. உக்கார மாட்டா. இந்தக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு என் பக்கத்துல நின்னு, ஒரே ஒரு கேள்வி கேப்பா. தினமும் அதே கேள்வி.

"அண்ணே, மணி கேக்காத பக்கம் அவரு போக மாட்டாரே. மூங்கில் பள்ளத்துக்கு ஏன் போனாரு?"

"எனக்கு என்ன தெரியும் தாயி" அப்படிம்பேன். ஒரு நிமிசம் என் முகத்தையே பாப்பா. பெறகு நகந்து பின்னால போயிருவா. ஏசுனதில்ல, அழுததில்ல. ஏசினாக் கூடப் பரவாயில்ல. அது என்ன கேள்வி? செத்தவரு வந்தா சொல்லப் போறாரு? கேட்டுக் கேட்டு என்ன ஆகப் போகுது? ஆனா ஒன்னு தம்பி. கேக்கவாவது கேக்குறாளே. அந்த ஒரு நிமிசம் என் பக்கத்துல நிக்கிறாளே. அதுக்காகத்தான் வர்றேன். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவ இந்த இடத்துல வந்து உக்காந்துட்டாப் போதும் எனக்கு. வேற ஒன்னும் வேணாம்.

என்ன தம்பி, நீங்களும் அதையே கேக்குறீங்க? அவரு ஏன் அங்கிட்டுப் போனாருன்னா? அட, நீங்களுமா.

சரி, உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. நீங்க டவர் வேலையை முடிச்சுட்டுப் போயிருவீங்க. அவரு முதல்ல கெழக்க போகலை. கம்பை எடுத்துக்கிட்டு மேக்க பாத்து நடந்தாரு. மேக்கதான சாமிப்புல்லு. இன்னும் நாலு எட்டு வச்சா மேட்டுல ஏறிருவாரு, செம்பியைப் பாத்துருவாரு, மணியைத் தொட்டுப் பாப்பாரு. பாத்தா என் மானம் என்ன ஆகும்? தங்கச்சி வீட்டுக்காரர் முன்னால நான் திருடனா நிக்கணுமா? ஏதாவது ஒன்னு சொல்லி நிறுத்தணுமில்ல. அதனால, "மாப்ள, மேக்க இல்ல, செம்பி மணி இப்பத்தான் மூங்கில் பள்ளத்துப் பக்கம் கேட்டுச்சு. நீங்க ஓடையில இருந்தீங்க, உங்களுக்குக் கேட்டிருக்காது" அப்படின்னேன்.

"நல்லாக் கேட்டுச்சா மச்சான்?"

"இந்தக் காதால கேட்டேன் மாப்ள."

அம்புட்டுதான். ஒரு வாய் வார்த்தை. அவரு முகம் தெளிஞ்சுருச்சு. "அப்பச் சரி, நல்லாத்தான் மேயுறா"ன்னு சிரிச்சாரு. சிரிச்சுட்டு, கம்பைத் தோள்ல போட்டுக்கிட்டு, நேரா எறங்கிப் போனாரு. பாட்டு கூட முணுமுணுத்துக்கிட்டே போனாரு.

இல்ல தம்பி, யானை நிக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? முந்தின நாள் அங்க மூங்கில் ஒடிஞ்சு கெடந்ததைப் பாத்தேன், நெசந்தான். மூங்கில் காத்துலயும்தான் ஒடியும். அதைப் போய்ச் சொல்லி அவரைப் பயமுறுத்தவா? கொஞ்ச தூரம் போயிட்டு, மாட்டைக் காணோம்னு திரும்பிருவாரு, அதுக்குள்ள நான் செம்பியை ஓட்டிக்கிட்டு வந்துறலாம்னுதான் நெனச்சேன். என் மனசுல கெட்டது ஒன்னும் இல்ல. நான் போங்கன்னா சொன்னேன்? மணி கேட்டுச்சுன்னுதான் சொன்னேன். போனது அவரு.

இதை மாயம்மாகிட்டச் சொல்ல முடியுமா? சொன்னா அவளுக்குத்தான் கஷ்டம். அவளுக்காகத்தான் நான் சொல்லாம வச்சிருக்கேன். அவ அதைப் புரிஞ்சுக்க மாட்டேங்குறா.

என்ன, திடீர்னு பாட்டு நின்னுபோச்சு? டிரைவர் அணைச்சுட்டானா. நல்லதாப் போச்சு, தலைவலி. பேச்சுச் சத்தத்தையும் காணோம். அந்தா அம்புட்டு நேரம் வளவளன்னு பேசிக்கிட்டு இருந்த பொம்பளைகளும் வாயை மூடிட்டாங்க. சித்தப்பா, என்ன என்னையே மொறைச்சுப் பாக்குறீங்க? முழங்கால் வலிக்குதா?

மில்லு விலக்கு வந்துருச்சு தம்பி. கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா, துண்டைப் போட்டுக்கிறேன். கண்டக்டரே, நிறுத்துங்க, என் தங்கச்சி ஏறணும். ஏன் விசில் குடுக்குறீங்க? ஏறலையே அவ. ஒருத்தருமே நிக்கலையே ரோட்டுல.

என்னது? மில்லு இன்னைக்கு லீவா? எனக்குத் தெரியாதே. லீவுன்னா அவ வீட்டுல இருப்பாளா, இல்ல டவுனுக்கு ஏதும் சாமான் வாங்க...

நீங்க ஏன் தம்பி அம்புட்டு நேரமாப் பின்னாலயே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?

மாயம்மா.

நீ எப்பத் தாயி ஏறுன? பஸ்ஸ்டாண்டுலயேவா? கூட்டத்துல நான் கவனிக்கலையே. பின்னாலயா நின்ன? இம்புட்டு நேரமா இங்கதான் நின்னியா?

வழி விடுங்கப்பா, அது வரட்டும். சித்தப்பா, நகருங்க. வா தாயி. இந்தா, உன் இடம்தான், உனக்குத்தான் போட்டு வச்சேன். உக்காரு. காலு வலிக்கும்.

உக்காந்துட்டா. தம்பி, பாத்தீங்களா, உக்காந்துட்டா.

பையை இப்படிக் குடு, நான் வச்சுக்கிறேன். வேணாமா? சரி, நீயே வச்சுக்க. ஜன்னல் ஓரம் வர்றியா? காத்து வரும். என்ன தாயி, ஒன்னும் பேச மாட்டேங்குற. என்னைப் பாரு. ரோட்டையே என்ன பாக்குற?

கேக்கலையா இன்னைக்கு? எப்பவும் கேப்பியே. கேளு, நான் பதில் சொல்றேன். இன்னைக்குச் சொல்றேன், கேளு.

மாயம்மா. ஏதாவது கேளு தாயி.